ருசி பார்க்க எடுத்துவைத்த டம்ளர்

ஒருநாளும் என்னை 'உட்கார்' என்று சொல்லாமல் 'குந்து' என்றே சொன்ன என் ரூபி அண்ணிக்கு,

நான் இன்னும் குந்தவில்லை அண்ணி. இந்த வரியைக்கூடச் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். காலையிலிருந்து அலமாரியை இரண்டு முறை துடைத்துவிட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியவில்லை. என் மாமியாரான அத்தை பதினோரு மணிக்குத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர், மணி மூன்றாகியும் வெளியே வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன எலுமிச்சை சர்பத் அப்படியே இருக்கிறது. எறும்பு வர ஆரம்பித்துவிட்டது.

அந்த டம்ளரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை நம் சபையின் மாத இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பவர்கள் யாரோ, நான் யாரோ என்று இருக்க முடியாத விஷயம் இது. அவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள்.

நீங்கள் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பெரம்பூரிலிருந்து செம்பாக்கத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. உங்கள் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாங்களோ வாத்தியார் குடும்பம், பேச்சில் ஒரு மடிப்பு கலையாது. நீங்கள் வந்த முதல் நாளே, "இன்னா கிரேஸு, எங்க வூட்ல மாதிரி இங்கயும் தண்ணி கஸ்டம் கீதா?" என்று கேட்டீர்கள். நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சிரித்தேன். அது உங்கள் காதில் விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரியும்.

உங்களோடு சீராக வந்தவை இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகள். ஊறுகாய்க்கு என்று நாங்கள் நினைத்தோம். நீங்கள் அவற்றில் சர்பத் போட்டீர்கள். வெறும் எலுமிச்சையும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்துப் பழகிய எங்களுக்கு அது புதிது. அன்னாசிப்பழத்தின் நடுத்தண்டையும் இஞ்சியையும் நாலைந்து எலுமிச்சை இலையையும் சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்கவிடுவீர்கள். பன்னீர் திராட்சையைத் தோலோடு கையால் பிசைந்து, கொட்டை நசுங்காமல் வடிகட்டுவீர்கள். புதினாவை அம்மியில் வைத்தால் கசக்கும் என்று உள்ளங்கையில் வைத்து ஒரே தட்டு. துளசி மட்டும் பக்கத்து வீட்டு மாமியிடமிருந்து வரும். வெள்ளிக்கிழமை பறிக்க விடமாட்டார் என்று வியாழக்கிழமையே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்பீர்கள். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். அதையும் முறுக்கிப் பிழியக் கூடாது.

மே மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்காரர்கள், சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாரும் நம் வீட்டு வேப்பமரத்தடியில் கூடுவது அந்த சர்பத்தால்தான் வழக்கமானது. முதல் வருஷம் பத்துப் பேர். மூன்றாம் வருஷம் டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டு மாமியிடம் கடன் வாங்கினோம்.

நீங்கள் ஒருபோதும் ருசி பார்க்கமாட்டீர்கள். அது என் வேலை. முதல் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்து நிற்பீர்கள்.

"சொல்லு, இன்னா கொறை?"

"ஏன் அண்ணி எப்பவும் என்கிட்டயே கேக்கிறீங்க? அண்ணன்கிட்ட குடுங்களேன்."

"உங்கண்ணனா? கழனித்தண்ணி குடுத்தாலும் ஃபஸ்ட் கிளாஸுன்னுவாரு. நாத்தனார் நாக்கு குத்தம் கண்டுபிடிக்கவே பொறந்தது. எனக்கு அதான் வோணும்."

நானும் சும்மா விடுவேனா? உப்பு குறைச்சல், இஞ்சி தூக்கல், புதினா காணோம் என்று ஏதாவது சொல்வேன். உடனே சரிசெய்வீர்கள். நான் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு டம்ளர் போகும். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெரிய பதவி மாதிரி இருக்கும்.

எனக்குப் பல்லாவரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நிச்சயதார்த்தம் ஒரு மே மாதச் சனிக்கிழமை. பெண் வேலை செய்யக் கூடாது, பேசாமல் உட்கார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத்தான் காலில் சக்கரமாயிற்றே. முந்தின நாள் முழுக்கக் கை பரபரத்தது. பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவை இறக்கினேன். உள்ளே பூசியிருந்த ஈயம் வெளிறிப்போய், அழுக்கு மாதிரி தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. இன்னும் தேய்த்தேன். ஏற்கெனவே மெலிந்திருந்த ஈயம் மொத்தமும் போய், அண்டாவின் உட்புறம் தங்கம்போல் மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

நீங்கள் சனிக்கிழமை காலை எழுந்து இரண்டு ஜாடியிலும் சர்பத் கலந்து, எலுமிச்சையும் பிழிந்துவிட்டு, ஐஸ்கட்டி வாங்கத் தாம்பரம் போனீர்கள். "ஜாடி ஜாடியாவே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். நான் கேட்டேனா? ஊறுகாய் ஜாடியிலிருந்து மொண்டு கொடுத்தால் மரியாதையாக இருக்குமா என்று இரண்டையும் அண்டாவில் கவிழ்த்தேன். சைக்கிள் ரிக்‌ஷா பஞ்சராகி நீங்கள் வர மணி மூன்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். வெயிலில் வந்தவர்களுக்குத் தாகம். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறையில் டம்ளர்களை நிரப்பினேன், அண்ணன் வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்றைக்கு நான் ருசி பார்க்கவில்லை அண்ணி. உதட்டோரம் பவுடர் கலைந்துவிடுமே என்று.

முதலில் வாந்தி எடுத்தவர் மாப்பிள்ளை. மல்லிகைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அப்புறம் அத்தை, அவருடைய தங்கைகள், கார் ஓட்டி வந்தவர். வைத்தியர் ஓடி வந்து, பயப்பட ஒன்றுமில்லை, பித்தளையில் புளிப்புப் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது, வயிறு காலியானால் சரியாகிவிடும் என்றார். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இது யார் செஞ்ச வேலை? பொண்ணு செஞ்சதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஈயம் போன பாத்திரத்துல எலுமிச்சம்பழம் ஊத்தற பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போதுதான் நீங்கள் கொல்லை வழியாக ஐஸ்கட்டியோடு வந்தீர்கள். அண்டாவின் மூடியைத் தூக்கி முகர்ந்தீர்கள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தீர்கள். நகக்கண்ணில் செங்கல்தூள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனீர்கள்.

"நான்தாம்மா. கால்ல சுடுதண்ணி ஊத்திக்கினு ஓடுன அவசரம், அண்டாவைக் கவனிக்காம ஊத்திப்புட்டேன். பொண்ணு இன்னைக்கு அடுப்பங்கரைப் பக்கமே வரல."

அத்தை உங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உங்கள் பேச்சைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. எங்கள் வீட்டிலும் அதே பார்வை ஒரு காலத்தில் இருந்தது, அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. நிச்சயதார்த்தம் நடந்தது.

அதற்கப்புறம் வந்த பதினோரு வருஷத்தைத்தான் என்னால் எழுத முடியவில்லை. நடுவில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்தில் சமையல் பந்தல் பக்கம் உங்களைப் போகவிடாமல் அத்தை ஆள் வைத்தார். என் மூத்தவளின் ஞானஸ்நானத்தன்று நீங்கள் காபித் தட்டை எடுத்தீர்கள். "நீ உக்காரும்மா, உன் கையால வேண்டாம்" என்று அத்தை தட்டை வாங்கிக்கொண்டார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். எந்த விசேஷமானாலும் அந்தக் கதை வந்துவிடும். 'ரூபி போட்ட பச்சை சர்பத்' என்று சபையில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், நல்ல வேலை, என்னைவிட்டு எங்கும் போகாத கணவர். அப்புறமும் எதற்குப் பயந்தேன்? எனக்கே இன்றுவரை புரியவில்லை.

வேப்பமரத்தடிக் கூட்டம் நின்றுபோனது. நீங்கள் சர்பத் போடுவதை விட்டுவிட்டீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மே மாதத்தில் நான் செம்பாக்கம் பக்கமே வரவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும், பிள்ளைக்கு அம்மை, வெயில் தாங்கவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு. உங்களை அந்த ஜாடிகளுக்குப் பக்கத்தில் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இந்த வருஷம் தை மாதம் உங்களுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் வந்தேன். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி நடந்துகினே கீற? குந்து கிரேஸு. தல சுத்துது எனக்கு."

உட்கார்ந்தேன். "அண்ணி" என்றேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "இன்னா?" என்றீர்கள். "கஞ்சி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். வேறென்ன சொல்ல? மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். செம்பாக்கம் ஏரி நடுவில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நம் தெருவுக்குத் தண்ணீர்க்குழாய் வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. சபையில் பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி இந்தச் சனிக்கிழமை முடிகிறது. அன்றைக்கு எண்பது பேருக்கு சர்பத் போடும் பொறுப்பை மாதர் சங்கம் என்னிடம் கொடுத்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சரி என்று வந்துவிட்டது.

போன ஞாயிறு ஜாடிகளைக் கேட்க அண்ணனிடம் போனேன். ஆள் மெலிந்துவிட்டார். பரணைக் காட்டுவார் என்று பார்த்தால், ஜாடிகள் அடுப்படியிலேயே கழுவிக் கவிழ்த்து இருந்தன. நான் நின்றபடியே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அழுதேன். அவர் அசையாமல் கேட்டார்.

"தெரியும்மா" என்றார். "அன்னைக்கு சாயந்திரமே அண்டாவைக் கவுத்துக் காட்டினா. பாருங்க, எப்படித் தேச்சிருக்குது, கை வலிச்சிருக்கும் பாவம்னா."

"அண்ணா, என்மேல அவங்களுக்குக் கோபம் இல்லியா?"

"அது எனக்குத் தெரியல. ஆனா மே மாசம் வந்தா சர்பத் போடுவா."

"போடறதை விட்டுட்டாங்கன்னுதானே எல்லாரும்..."

"மத்தவங்களுக்குக் குடுக்கறதைத்தான் விட்டா. வருஷா வருஷம் அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை போடுவா. முதல் டம்ளரை எடுத்து, தட்டு போட்டு மூடி ஜன்னல்ல வெப்பா. எனக்குக் குடேன்னா, இரு, நாத்தனார் ருசி பாக்காம எப்டி குடுக்கறதும்பா. சாயந்திரம் ஆறு மணி பஸ் போற வரைக்கும் பாப்பா. அப்புறம் கொண்டுபோய் எலுமிச்சைச் செடியில ஊத்திடுவா."

பதினோரு மே மாதம், அண்ணி. நாங்கள் இப்போது இருக்கும் குரோம்பேட்டைக்கும் செம்பாக்கத்துக்கும் என்ன பெரிய தூரம்? நீங்கள் ஏன் ஒருதரம் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை? 'வாடி, வந்து குடி' என்று ஏன் என்னைத் திட்டவில்லை? பாருங்கள், இப்போதும் உங்களிடமே குற்றம் கண்டுபிடிக்கிறேன்.

இன்று காலை வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஒரு ஜாடியில் போட்டேன். நீங்கள் செய்தபடியே செய்தேன். துளசிக்கு மாமியிடம் நேற்றே போய்விட்டேன், இன்று வெள்ளிக்கிழமையாயிற்றே. வாசனை பிடித்து அத்தை வந்தார். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

"மணமா இருக்கே. இது யார் பக்குவம்?"

"ரூபி அண்ணி பக்குவம் அத்தை."

வாய்வரை கொண்டுபோன டம்ளரை அப்படியே மேஜையில் வைத்தார். "அவ பக்குவமா? போனவளைப் பத்திப் பேசக்கூடாது. ஆனா எனக்கு வேண்டாம்மா" என்றார்.

எலுமிச்சைச் சாறு வழியும் கையோடு சொல்லிவிட்டேன். அண்டாவை நான் தேய்த்தது, நான் ஊற்றியது, நான் மொண்டு கொடுத்தது, கதவுக்குப் பின்னால் ஒளிந்துநின்றது, நீங்கள் பழியை வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளை நான் பேசினதையெல்லாம் இப்ப யார்கிட்ட போய்த் திருப்பி எடுத்துக்கிறது கிரேஸ்?"

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பாவத்தை என்னுடையது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த மனுஷியையும் அதில் இழுத்துவிட்டிருக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது. அவருக்குப் பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யை நம்பி அவர் பேசியதையெல்லாம் பேசவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு பரிமாறினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அத்தை வெள்ளைப் புடவை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"உங்கண்ணன் வீட்டுக்கு எந்த பஸ்?"

"நானும் வரேன் அத்தை."

"நீ வர வேண்டாம். உன்கிட்ட நான் இன்னும் பேசல."

நம்பரைச் சொன்னேன். போய்விட்டார். இந்த வெயிலில், அந்த முழங்கால் வலியோடு, தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அண்ணனிடம் அவர் என்ன பேசுவார், அண்ணன் என்ன பதில் சொல்வார், நாளை என் முகத்தில் விழிப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. அலமாரியை மூன்றாம் முறை துடைக்கப் போனேன். துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நாற்காலியை இழுத்துப்போட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன் அண்ணி. புதிதாக ஒரு டம்ளர் ஊற்றி முதல் வாய் குடித்தேன். நாளைக்கு எண்பது பேர் முன்னால், யார் கையிலும் டம்ளர் போவதற்கு முன்னால், 'பச்சை சர்பத்' போட்டவள் யார் என்று எழுந்துநின்று சொல்வேன். சிரித்தவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். அப்புறம் இந்தக் கடிதம் இதழுக்குப் போகும். இனி வருஷா வருஷம் மே கடைசி ஞாயிறு செம்பாக்கம் வருவேன், அண்ணனோடு சேர்ந்து சர்பத் போடுவேன். எலுமிச்சைச் செடிக்கு வெறும் தண்ணீர் போதும்.

ருசி பார்த்துவிட்டேன். உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல், அது நான் போட்டது. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. எல்லாருக்கும் கொடுக்கலாம் அண்ணி.

குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்து, தன் குற்றத்தைச் சொல்லப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்ட
உங்கள் நாத்தனார்
கிரேஸ்